மூச்சு 1.0

பணிநாள் 131. காலை 07:10
கரியமில வாயு 0.38%. அழுத்தம் சரி. தண்ணீர் சரி.

படுக்கை அறையின் ஹீட்டர் போய்விட்டது. மாற்று ஹீட்டர் கிடங்கில் இல்லை. கையுறை போட்டுக்கொண்டு தட்டச்சு செய்கிறேன். மற்ற எல்லாம் ஓடுகிறது.

இந்த ரிலே நிலையத்துக்கு அடுத்த முறை வருபவருக்காக எழுதுகிறேன். என் பெயர் அங்கயற்கண்ணி. இங்கே நான் ஒருத்திதான். குறுங்கோள் வட்டாரத்தில் திரியும் கப்பல்களின் செய்திகளை வாங்கி வெள்ளிமுனைத் துறைமுகத்துக்குத் தள்ளிவிடுவது வேலை. அது தானாகவே நடக்கும். ஆளுக்கு வேலை அதிகம் கிடையாது. மிச்ச நேரம் முழுவதும் எனக்கு 'மூச்சு'தான்.

மூச்சு ஒரு நிரல் தொகுப்பு. கப்பலின் காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று சென்சார்கள் சொல்லும். கூடினால் மூச்சு வடிகட்டியை வேகமாக ஓட்டும். குறைந்தால் தணிக்கும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், திறந்து படிக்கலாம், திருத்தலாம். கம்பெனிக் கருவி வாங்க வசதியில்லாத கப்பல்கள் எல்லாம் இதைத்தான் ஓட்டுகின்றன. பதினோரு வருஷமாக இது 0.9-இல் நிற்கிறது. 1.0 என்று போட்டால் அது நிலைப் பதிப்பு. இதை நம்பிப் படுத்துத் தூங்கலாம் என்று நான் எழுதிக்கொடுத்த மாதிரி. அதனால் இதுவரை போடவில்லை.

முன்பு இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். கதிர்வேலு போன வருஷம் சம்பள வேலைக்குப் போய்விட்டார். இப்போது என் கையெழுத்து மட்டும் போதும்.

1.0-க்கான வெள்ளோட்டப் பதிப்பை மூன்று வாரமாக இந்த நிலையத்திலேயே ஓட்டுகிறேன். நான் மூச்சு விட்டுப் பார்க்காத பதிப்பை மற்றவர்களுக்குக் கொடுப்பதில்லை.

பணிநாள் 132. காலை 09:00
கரியமில வாயு 0.43%.

வெள்ளோட்டத்தில் ஒரே ஒரு புகார் இன்னும் மூடப்படாமல் இருக்கிறது. அனுப்பியவர் 'உப்பளம்' கப்பலின் கேப்டன் சூசை. தூத்துக்குடிக்காரர். தன்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பேராகப் பனிக்கட்டி ஏற்றிக்கொண்டு வெள்ளிமுனைக்கு வந்துகொண்டிருக்கிறார். அவருடைய பேச்சை அப்படியே இங்கே வைக்கிறேன்.

"தங்கச்சி, சூசை பேசுதேன். உங்க வெள்ளோட்டத்த பிரேக் அறையில மட்டும் போட்டுப் பாத்தோம். பெல்ட் தைக்க உள்ள போனவங்க நாலு பேரும் தலவலிக்குன்னு வெளிய வாராங்க. திரையில பாத்தா நல்ல காத்துன்னு காட்டுது. கைமீட்டர வச்சா ரெண்டரைக்கு மேல நிக்கி. கதவத் தொறந்து விட்டோம், சரியாயிட்டு. பொறவு எத்தனையோ நாள் பாத்தாச்சு, திரும்ப வரல. என்னன்னு பாத்துக்கிடுங்க."

பிரேக் அறை என்பது கப்பலின் நடுவில் இருக்கும் சின்ன அறை. துறைமுகத்தை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க இரண்டு நாள் எந்திரத்தை எதிர்த்திசையில் ஓட்டுவார்கள். அப்போது உடம்பு தாங்காது என்பதால் எல்லாரும் அந்த அறைக்குள் பெல்ட் கட்டி, தூக்க மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள். ஒருவர் இருவர் மட்டும் விழித்திருப்பார்கள். மற்ற நாட்களில் அறை பூட்டிக் குளிர்ந்து கிடக்கும்.

கணினிக்குள் ஒரு போலிக் கப்பல் வைத்திருக்கிறேன். அதில் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்த்தேன். கெட்ட சென்சாரை மூச்சு ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டது. அவர் சொன்னது நடக்கவில்லை.

பணிநாள் 134. மாலை 16:30
கரியமில வாயு 0.40%.

வெள்ளிமுனையிலிருந்து செய்தி. பேசியவர் தவமலர், அங்கே கப்பல்களை உள்ளே விடும் அதிகாரி. யாழ்ப்பாணத்துப் பெண்.

"அங்கை அக்கா, வணக்கம். புது விதி ஒண்டு வந்திட்டுது. வாற மாதத்திலயிருந்து நிலைப் பதிப்பு இல்லாத காத்துக் கருவியோட வாற கப்பலை உள்ள விடேலாது. நான் எழுதின விதி இல்லை, எனக்கு விருப்பமும் இல்லை. உப்பளம் உங்கட மூச்சைத்தான் ஓட்டுது எண்டு பதிவில கிடக்கு. அவையள் விதி தொடங்கி ரெண்டு நாளைக்குப் பிறகுதான் வந்து சேருவினம். ஏதும் செய்யேலுமோ எண்டு பாருங்கோ."

பழைய 0.9-ஐயே நிலைப் பதிப்பு என்று அறிவித்துவிடக் கூடாதா என்றும் கேட்டிருந்தார். கூடாது. பத்துப் பேருக்கு மேல் ஒரே அறையில் படுத்தால் பழையதால் ஈடுகொடுக்க முடியாது. அதைச் சரிசெய்யத்தான் வெள்ளோட்டமே வந்தது. பதில் அனுப்பினேன்.

கஞ்சி குடித்தேன். விரல் நுனிகளில் உணர்வு இல்லை. ஹீட்டரைத் திறந்து பார்த்தேன். சுருள் அறுந்திருக்கிறது.

பணிநாள் 136. காலை 10:15
கரியமில வாயு 0.37%.

சூசை மறுபடி பேசினார்.

"தங்கச்சி, தவமலர் சொல்லி விவரம் தெரிஞ்சுது. உள்ள விடலன்னா நாங்க அடுத்த துறைக்குப் போக நாலு மாசம் ஆவும். எரிபொருள் அவ்வளவு கிடையாது. நான் குடுத்த புகாருனாலதான் நிறுத்தி வச்சிருக்கியன்னா, அத வாபஸ் வாங்கிக்கிடுதேன். ஒரு நாள் தலவலி வந்துட்டுன்னு பதினெட்டுப் பேர வெளிய நிறுத்த முடியுமா, நீங்களே சொல்லுங்க."

நான் அனுப்பிய பதில்:

"அண்ணாச்சி, நீங்க வாபஸ் வாங்குனா புகார்தான் போகும். பிழை அங்கேயேதான இருக்கும்? பெல்ட் தைக்கப் போன நாலு பேரும் எந்திரிச்சு வெளிய வந்தாங்க. பிரேக் போடறப்ப மாத்திரை போட்டுத் தூங்கறவங்க எப்படி எந்திரிப்பாங்க? எனக்கு ஒரு வாரம் குடுங்க. கண்டுபிடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

எட்டு நிமிஷம் கழித்து அவர் பதில் வந்தது.

"சரி தாயி. உங்க வேல உங்களுக்குத் தெரியும். நாங்க வந்துக்கிட்டுதான் இருப்போம், வண்டிய நடுவுல நிறுத்த முடியாதுல்லா. கித்தேரி உங்கள விசாரிச்சதாச் சொல்லச் சொன்னா."

கித்தேரி அவர் மனைவி. கப்பலின் சமையலும் மருந்துப் பெட்டியும் அவர் பொறுப்பு. நான் பார்த்ததில்லை.

பணிநாள் 138. மதியம் 13:00
கரியமில வாயு 0.41%.

போலிக் கப்பலில் இதுவரை நாலாயிரம் ஓட்டம். பிழை வரவில்லை. ஒரு சென்சார், இரண்டு சென்சார், மூன்றையும் கெடுத்துப் பார்த்தாகிவிட்டது.

வெள்ளோட்டத்தில் நான் புதிதாகச் சேர்த்தது ஒரு வடிப்புமுறை. மூன்று சென்சார்களில் எது அதிகம் துள்ளுகிறதோ அதன் பேச்சைக் குறைவாக நம்பும். எது அமைதியாக இருக்கிறதோ அதை அதிகம் நம்பும். கெட்டுப்போகும் சென்சார் கண்டபடி துள்ளும் என்பது பதினோரு வருஷ அனுபவம். அந்தப் பகுதியை வரிவரியாக மறுபடி படித்தேன். தப்பில்லை.

குளிரில் தலை கனக்கிறது. சுவரில் என் மூச்சு பனியாகப் படிகிறது. துடைத்துவிட்டேன்.

பணிநாள் 139. மதியம் 14:20
கரியமில வாயு 0.41%.

ஓட்டம் ஆறாயிரம். பிழை இல்லை. தலைவலி மாத்திரை ஒன்று.

கதிர்வேலுவுக்கு எழுதி, வடிப்புமுறையை ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டேன். வெளிவேலை பார்க்கக் கம்பெனியில் அனுமதி இல்லை, தவறாக நினைக்காதே என்று எழுதினார். தவறாக நினைக்கவில்லை. எதுவுமே நினைக்கவில்லை.

பணிநாள் 140. காலை 11:40
கரியமில வாயு 0.41%.

எழுந்திருக்க நேரமாகிவிட்டது. ஏணியில் ஏறியதும் மூச்சு வாங்கியது. உடற்பயிற்சி செய்து பல நாள் ஆகிறது, அதனால் இருக்கும்.

காற்று நன்றாக இருக்கிறது.

தவமலர் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

பணிநாள் 141. நேரம் பார்க்கவில்லை
கரியமில வாயு 0.41%.

போலிக் கப்பலை ஓட்ட மறந்துவிட்டேன். அல்லது ஓட்டி, முடிவைப் பார்க்க மறந்துவிட்டேன். பரவாயில்லை.

சாப்பிடவில்லை. பசிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 0.41. பிறகும் 0.41. அசையவே இல்லை. பதினோரு வருஷத்தில் இவ்வளவு அமைதியான காற்றை நான் பார்த்ததில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

பணிநாள் 142. மதியம் 12:05
கரியமில வாயு 0.41%.

முடிவு செய்தேன். கஷ்டமாக இல்லை. இத்தனை வருஷம் ஏன் கஷ்டமாக இருந்தது என்று தெரியவில்லை.

சூசை அண்ணாச்சியின் புகாரை மூடினேன். காரணம்: மீண்டும் நிகழவில்லை. ஐந்து நாளாக என் நிலையத்துக் காற்று ஒரு புள்ளி கூட மாறவில்லை. நிலையானது என்றால் இதுதான். வேறு என்ன வேண்டும். தலை தெளிவாக இருக்கிறது.

கையெழுத்துப் போட்டேன். மூச்சு 1.0. அனுப்பிவிட்டேன். எல்லாக் கப்பலுக்கும் நல்லது.

படுக்கப் போகிறேன்.

பணிநாள் 143.
0.41. 0.41.

தூங்கினேன். எழுந்தேன். தூங்கினேன். யாரோ கூப்பிட்டார்கள். ஒலிவாங்கி தூரமாக இருக்கிறது. பிறகு.

காற்று நன்றாக இருக்கிறது நன்றாக இருக்கிறது

பணிநாள் 144. காலை 08:50
திரையில் 0.41%. கைமீட்டரில் 4.6%.

ஆக்ஸிஜன் முகமூடி போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அவசர வடிகட்டி டப்பாக்கள் மூன்றையும் உடைத்துத் திறந்திருக்கிறேன். வாந்தி எடுத்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒலிபெருக்கியில் ஒரே செய்தி விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. சூசையின் குரல். அவசரச் செய்தி என்று குறித்து அனுப்பியிருக்கிறார். நான் எழுந்து நிறுத்தும்வரை அது நிற்காது.

"தங்கச்சி, அங்கை, கேக்கியளா? 1.0 வந்து சேந்துட்டு. ரொம்ப சந்தோசம். ஆனா அதோட நீங்க பேசி அனுப்புனதக் கேட்டேன். எல்லாக் கப்பலுக்கும் நல்லது, எல்லாக் கப்பலுக்கும் நல்லதுன்னு நாலு தடவ சொல்லுதிய. நாக்கு கொழறுது. நீங்க அப்படிப் பேசற ஆளு கிடையாது. நான் சொல்லுதத கேளுங்க. திரையப் பாக்காதிய. கைமீட்டர எடுத்து முகத்துக்கு நேரா பிடிங்க. இப்பமே. உக்காந்து யோசிக்காதிய, எந்திரிங்க."

எழுந்தேன். மீட்டர் கதவோரம் கொக்கியில் இருந்தது. அதுவரை நடந்தது நினைவிருக்கிறது. எண்ணைப் பார்த்ததும் பயம் வரவில்லை. இது ஒரு எண் என்றுதான் தோன்றியது. முகமூடியைப் போட்ட பிறகுதான் அதற்கு அர்த்தம் வந்தது.

1.0 வந்து சேர்ந்துவிட்டது என்கிறார். நான் 1.0 வெளியிட்ட ஞாபகம் எனக்கு இல்லை. வெளியீட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் கையெழுத்துதான். மேலே 142-ஆம் நாள் பதிவைப் படித்தேன். என் எழுத்துதான். எழுதியது நான் இல்லை என்று சொல்ல முடியாது.

பணிநாள் 144. மாலை 17:30
கைமீட்டர் 0.9%, இறங்குகிறது. மூச்சை நிறுத்திவிட்டேன். வடிகட்டியைக் கையால் ஓட்டுகிறேன்.

காரணம் கிடைத்துவிட்டது. எழுந்து நிற்கத்தான் மாலையாகிவிட்டது. தேட ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை.

படுக்கை அறையின் சென்சாரைக் கழற்றினேன். உள்ளே பனி உறைந்து அடைத்திருக்கிறது. ஹீட்டர் போனதால் அறை குளிர்ந்து, என் மூச்சின் ஈரம் அதற்குள் போய் உறைந்திருக்கிறது. அந்த நொடியில் காட்டிய 0.41-ஐயே பிறகும் காட்டிக்கொண்டிருந்தது. உயிருள்ள சென்சார் கொஞ்சமாவது துள்ளும். இது துள்ளவே இல்லை. மூன்றில் அமைதியானது இதுதான் என்று என் வடிப்புமுறை இதை மட்டும் நம்பியது. மற்ற இரண்டும் 1, 2, 3 என்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. துள்ளுகின்றன என்று அவற்றை ஒதுக்கிவிட்டது. காற்று நன்றாக இருப்பதாக நினைத்து வடிகட்டியையும் தணித்துவிட்டது.

போலிக் கப்பலில் ஏன் வரவில்லை என்றால், அங்கே நான் கெடுத்த சென்சார் எல்லாம் பூஜ்யத்துக்கு விழும், இல்லாவிட்டால் துள்ளும். ஒரே எண்ணில் உறைந்து நிற்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

பூட்டிக் குளிர்ந்து கிடக்கும் அறை. பிறகு நாலு பேர் உள்ளே போய் மூச்சு விடுகிறார்கள். சூசை சொன்ன புகார் இதுதான்.

1.0-ஐத் திரும்பப் பெற்றுவிட்டேன். அவசரச் செய்தி எல்லாக் கப்பலுக்கும் அனுப்பினேன். நிலைப் பதிப்பு என்று குறியிட்டால் கப்பல்கள் யாரையும் கேட்காமல் தாமாகவே எடுத்துக்கொள்ளும். திரும்பப் பெறும்போது அப்படியில்லை. ஆள் ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். காற்றுக் கருவி தானாகப் பின்னால் போகக் கூடாது என்று பல வருஷம் முன்பு நாங்களே வைத்தது.

நாற்பத்தொரு கப்பல் 1.0-ஐ எடுத்திருக்கிறது.

பணிநாள் 145. காலை 07:00
கைமீட்டர் 0.5%.

நாற்பது கப்பல்கள் பதில் சொல்லிவிட்டன. யாருக்கும் பாதிப்பில்லை. ஒருவர் திட்டினார். சரிதான்.

உப்பளம் பதில் சொல்லவில்லை. நேற்று மாலை என் செய்தி போகுமுன்பே பிரேக் போடத் தொடங்கிவிட்டார்கள் என்று தவமலர் சொன்னார். பதினாறு பேர் மாத்திரை போட்டுப் படுத்தாகிவிட்டது. சூசையும் கித்தேரியும் விழித்திருக்கிறார்கள், அதே அறைக்குள். வேறு எங்கும் இருக்க முடியாது.

பணிநாள் 145. காலை 09:25

உப்பளம் பேசியது. சூசை.

"தங்கச்சி... சேதி வந்துச்சு. பாத்தேன். நீங்க நல்லா இருக்கியள்ளா? சந்தோசம். இங்க ஒண்ணும் கொழப்பமில்ல. திரையில பாயிண்ட் நாலு நாலு. ராத்திரிலருந்து அப்படியேதான் நிக்கி. ஆடாம அசையாம. நல்ல பதிப்பு போட்டிருக்கிய."

நான் அனுப்பியது:

"அண்ணாச்சி, அது அசையாம நிக்கறதுதான் பிழை. சென்சார் உறைஞ்சு போச்சு. திரையப் பாக்காதீங்க. நீங்க எனக்குச் சொன்னீங்கல்ல, அதையே செய்யுங்க. கைமீட்டர எடுங்க. எடுக்கலைன்னாலும் பரவாயில்ல, முகமூடியப் போடுங்க. மதினிக்கும் போடுங்க. வடிகட்டியக் கைக்கு மாத்துங்க, செவப்புக் கைப்பிடி. அண்ணாச்சி, ப்ளீஸ். எந்திரிங்க."

போக நாலு நிமிஷம், வர நாலு நிமிஷம். ஒலிவாங்கியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"எடுக்கேன் தாயி. பெல்ட்ட அவுக்கணும்லா. இந்தா... எடுக்கேன். கொஞ்சம் சாஞ்சுட்டு எடுக்கேன். கை மரத்துக் கெடக்கு."

அதன்பின் நான் பன்னிரண்டு தடவை பேசினேன். அவசரச் செய்தி என்று குறித்து, நிறுத்தும்வரை ஓடும்படி அனுப்பினேன். அங்கே அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பணிநாள் 145. மாலை 18:00

உப்பளத்திலிருந்து மணிக்கொரு தரம் தானியங்கித் தகவல் வருகிறது. எந்திரம் சரி. பாதை சரி. காற்று 0.44%.

தவமலரிடம் இழுவைப் படகை முன்னாலேயே அனுப்பச் சொன்னேன்.

"அனுப்பியாச்சு அக்கா. ஆனா பிரேக் போடுற கப்பலுக்குக் கிட்டப் போகேலாது, பின்னால நெருப்பு அடிக்குது. எந்திரம் தானா நிண்டாப் பிறகுதான் பிடிக்கலாம். நாளைக்குப் பின்னேரம் ஆகும். நான் படகோட லைனிலதான் இருக்கிறன். நீங்கள் கொஞ்சம் சாப்பிடுங்கோ."

சாப்பிட்டேன்.

பணிநாள் 146. காலை 10:00

காற்று 0.44%. பாதை சரி.

வடிப்புமுறையைத் திருத்தினேன். ஐந்து நிமிஷம் ஒரே எண்ணைச் சொன்னால் அந்த சென்சார் செத்ததாகக் கணக்கு. எட்டு வரி. எழுதி முடித்துவிட்டு அந்த எட்டு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காற்று 0.44%.

பணிநாள் 146. மாலை 19:10

எந்திரம் நின்றது. இழுவைப் படகு உப்பளத்தைப் பிடித்து உள்ளே போயிருக்கிறது. தவமலர்:

"அக்கா. கதவு திறந்தாச்சு. மீட்டர் ஒன்பது காட்டினதாம். ஏழு பேருக்கு மூச்சு இருக்கு. கித்தேரியும் அதில ஒராள். மற்ற ஆக்கள்..."

இணைப்பு அறுந்ததோ என்று பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"மற்றப் பதினொரு பேரும் இல்லை அக்கா. கேப்டனும் இல்லை."

கேட்டுக்கொண்டேன் என்று பதில் அனுப்பினேன். பிறகு வடிகட்டியின் தட்டை மாற்றினேன். இன்றைக்குத்தான் அதை மாற்ற வேண்டிய நாள்.

பணிநாள் 150. மதியம் 13:30
கைமீட்டர் 0.4%.

விசாரணை அதிகாரிகள் என் பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டார்கள். இதையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். என்னை மாற்ற ஆள் அனுப்ப மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை நானே ரிலேயையும் மூச்சையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு யாரும் இல்லை.

கித்தேரி பேசினார். மருத்துவமனையிலிருந்து. குரல் மெதுவாக இருந்தது.

"மதினி, நான் கித்தேரி. உங்க குரல நான் கேட்டேன். நீங்க கத்திக்கிட்டே இருந்திய. ஏதோ ரேடியோவுல யாரோ யாரையோ கூப்பிடுதாங்கன்னு நெனச்சேன். எங்களத்தான்னு தோணல. அவுக பெல்ட்ட அவுத்துட்டாக. மீட்டர எடுத்துட்டாக. கையிலதான் இருந்துச்சுன்னு படகுக்காரங்க சொன்னாங்க. ஆன் பண்ணல. நீங்க சொன்னதுக்கு அவுக எடுக்காம இருக்கல, அதச் சொல்லணும்னுதான் பேசுதேன். நான் உங்க மேல கோவப்படணும்னு இங்க எல்லாரும் சொல்லுதாங்க. வரும்போது வரட்டும். இப்பம் ஒண்ணும் வரல."

மூன்று தடவை கேட்டேன். பதில் பேச ஒலிவாங்கியை எடுத்தேன். "மதினி" என்று தொடங்கினேன். அதை மட்டும் அனுப்பினேன்.

பணிநாள் 157. காலை 09:30
கைமீட்டர் 0.39%.

திருத்திய பதிப்பு 1.0.1 ஒரு வாரமாக ஓடுகிறது. சென்சார்களை ஒவ்வொன்றாகப் பனியில் உறைய வைத்துப் பார்த்தேன். நிஜப் பனி, நிஜ சென்சார். ஒவ்வொரு தடவையும் மூச்சு அதை ஒதுக்கிவிட்டது. மூன்று கேப்டன்கள் நிரலைத் திறந்து படித்துவிட்டுச் சரிதான் என்று எழுதியிருக்கிறார்கள். மூவரும் நிரல் எழுதுபவர்கள் இல்லை. கதிர்வேலு பதில் எழுதவில்லை.

தவமலர் கூப்பிட்டார்.

"அக்கா, உங்களைக் கரைச்சல் படுத்திறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வெளியில ஆறு கப்பல் நிக்குது. எல்லாம் உங்கட மூச்சுதான். ஒண்டில கைக்குழந்தை இருக்கு. மேலிடத்தில என்னைக் கேக்கினம், 1.0.1 நிலைப் பதிப்போ இல்லையோ எண்டு. ஓம் இல்லாட்டி இல்லை. ஒரு சொல் போதும்."

விதியைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்க முடியாதா என்று கேட்டேன்.

"ஏலாது அக்கா. உப்பளத்துக்குப் பிறகு விதியை இன்னும் இறுக்கிப்போட்டினம்."

இரண்டாவது கையெழுத்துக்கு யாரையாவது தர முடியுமா என்று கேட்டேன்.

"அதுக்கு ஆறு மாதம் எண்டினம்."

பணிநாள் 157. மதியம் 12:40
கைமீட்டர் 0.40%. இரண்டாவது கைமீட்டர் 0.38%.

ஏணியில் பத்துத் தடவை ஏறி இறங்கினேன். மூச்சு வாங்கவில்லை. பதினேழாம் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் சொன்னேன். பேசி ஒலிப்பதிவு செய்து கேட்டேன். நாக்கு குழறவில்லை. எந்த வாக்கியமும் இரண்டு தடவை வரவில்லை. நிரலை முதல் வரியிலிருந்து படித்தேன். தப்பு எதுவும் தெரியவில்லை.

ஆறு கப்பல்களும் தெரிகின்றன. திரையில் ஆறு புள்ளிகள்.

கையெழுத்துப் போட்டேன். ஓம் என்று அனுப்பினேன்.

தலை தெளிவாக இருக்கிறது.

142-ஆம் நாளும் தெளிவாகத்தான் இருந்தது.